வாலுவின் கிளை அலுவலகம்

ஆடிட்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அண்ணிக்குத் தெரியும். இப்போது நமக்கும் தெரிந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடும் கட்டிங் மாஸ்டர், நாய்களுக்கு மெத்தை தைக்கிறார். சிரிக்காதீர்கள், நம்மில் பலர் படுக்கிற மெத்தையைவிட அது நன்றாகவே இருக்கும். அவர் மனைவியைத்தான் முதல் அத்தியாயத்திலிருந்து நாம் அண்ணி என்று கூப்பிட்டு வருகிறோம். மெத்தைகளை இணையத்தில் விற்பது அண்ணியின் பொறுப்பு. பாதி ஒரு பெரிய இணையச் சந்தை வழியாகப் போகிறது. மீதி அவர்களுடைய சொந்த வலைத்தளம் வழியாகப் போகிறது.

அடுத்து மாஸ்டரின் தங்கை. சின்ன வயதில் பண்ணின அட்டகாசத்துக்கு வாலு என்று பெயர் விழுந்து, அதுவே நின்றுவிட்டது. புருஷனை விட்டு விலகி வந்தவள். "அண்ணன் வீட்ல சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு இறங்காது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மாநிலத்தில் கார் ஷெட்டோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். ஷெட்டு நிறைய மெத்தையை அடுக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஆர்டர்களையெல்லாம் அவளே பேக் செய்து அனுப்புகிறாள்.

"நான் என்ன உங்க கூலியாளா?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். மாஸ்டருக்கு மனசு தாங்கவில்லை. மிச்சமிருந்த பிளைவுட்டில் தன் கையாலேயே 'கிளை அலுவலகம்' என்று பெயின்ட் அடித்து, ஷெட்டு வாசலில் மாட்டிவிட்டு வந்தார்.

அந்தப் போர்டின் போட்டோவைத்தான் அண்ணி பெருமையாக ஆடிட்டர் அம்மாவிடம் காட்டினாள். கண்ணாடி கழன்றது அப்போதுதான்.

"சரக்கு அங்கயா இருக்கு? அந்த மாநிலத்துல விற்பனை வரிக்குப் பதிஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார் ஆடிட்டர் அம்மா.

இவர்கள் இருக்கும் நாட்டில் விற்பனை வரிக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம், தனிப் பதிவு. பதியவில்லை. பதிய வேண்டும் என்றே இருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது, மாஸ்டர் வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் துடைப்பத்தைத் தொட்டால் மனசு சரியில்லை என்று அர்த்தம். வெட்டுமேஜையில் பாதி வெட்டின கேன்வாஸ் துணி அப்படியே கிடந்தது. சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் எட்டிப் பார்க்கும் இடத்தில் இன்று திருப்புளி எட்டிப் பார்த்தது.

"எதுக்குங்க திருப்புளி?"

"எதுக்கோ."

"போர்டைக் கழட்டவா?"

மாஸ்டர் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினார்.

"இந்தா, நான் சொல்றதைக் கேளு. இப்பப் போறோம். சரக்கெல்லாம் ஏத்துறோம், போர்டைக் கழட்டுறோம், வந்துடுறோம். சரக்கும் இல்ல, போர்டும் இல்லன்னா, அப்புறம் அந்த மாநிலத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

"வாலுவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு அவ கேப்பாளே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அவளுக்கு மாசாமாசம் நான் அனுப்பிடுறேன்."

"செய்யாத வேலைக்கு அவ கைநீட்டி வாங்குவாளா? நம்ம வீட்ல ஒரு வாய் காபி குடிச்சாலே டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போறவ."

"அவகிட்ட காரணமெல்லாம் சொல்லவேண்டாம். இங்க ஆர்டர் அதிகமாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அவளுக்கு எதுவும் தெரியவேண்டாம்."

அண்ணிக்குச் சுள்ளென்று வந்தது. பாவம், அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அந்த வீட்டில் எல்லாரும் பயப்படுவது அந்த இறங்கின குரலுக்குத்தான்.

"வண்டியை யாரு ஓட்டப்போறது?" என்று கேட்டாள்.

மாஸ்டருக்கு வண்டி ஓட்ட வராது. துணியில் மயிரிழை பிசகாமல் கத்தரி ஓட்டுகிற மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை கிடுகிடுவென்று ஆடும். கல்யாணமான புதிதில் ஒருமுறை முயற்சி செய்து, அடுத்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்கும்படி ஆனது. அந்தக் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

"நீதான் ஓட்டணும்" என்றார் சுரத்தில்லாமல்.

"ஓட்டுறேன். ஆனா பொய் சொல்லமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அங்க வந்து கண்ணைக் காட்டாதீங்க."

மாஸ்டர் தலையாட்டினார். அது சரி என்ற தலையாட்டலா, பார்த்துக்கலாம் என்ற தலையாட்டலா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணி ஆடிட்டர் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க. நான் சொன்னா உங்களுக்குக் காதுல ஏறாது."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, வணக்கம்மா. அந்த மாநிலத்துல நாங்க வித்ததே கொஞ்சம்தான். ஒரு அளவு தாண்டினாத்தான் வரின்னு நான் படிச்சேனே?"

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க மாஸ்டர். பாதி படிச்சிருக்கீங்க. அந்த அளவெல்லாம், ஒரு மாநிலத்துல தனக்குன்னு ஒண்ணுமே இல்லாம, வெளியிலேருந்து பார்சல் மட்டும் அனுப்புறவங்களுக்கு. உங்க சரக்கு அந்த மண்ணுலயே உக்காந்திருக்கே. அப்போ முதல் மெத்தையிலேருந்தே கணக்குதான்."

"அந்த இணையச் சந்தைக்காரங்க வரி பிடிச்சுக்கிறாங்களே?"

"அவங்க வழியா வித்ததுக்கு அவங்க பிடிச்சு அவங்களே கட்டிடுறாங்க. உங்க சொந்த வலைத்தளத்துல வித்ததுக்கு யாரு பிடிப்பா? எதிர்வீட்டுக்காரரா?"

அண்ணி சாலையைப் பார்த்தபடியே சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நம்ம மாநிலத்துக்கு ஒழுங்காக் கட்டிக்கிட்டுத்தானேம்மா இருக்கோம்? ஒரு பொருளுக்கு எத்தனை இடத்துல கட்டுறது?"

"ஒரு இடத்துலதான். மெத்தை எந்த மாநிலத்து வீட்டுக்குப் போய்ச் சேருதோ, அங்க. அதுல நாய் படுக்குற இடத்தைப் பாருங்க, நீங்க தைக்கிற இடத்தைப் பாக்காதீங்க. அந்த மாநிலத்துல ஊருக்கு ஊர் விகிதம் வேற மாறும், அதை நான் எடுத்துத் தர்றேன்."

சாலையோரத்தில் மஞ்சள் பலகை ஒன்று வந்தது. அடுத்த மாநிலம் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான். கதவில்லை, காவலில்லை.

"பாரு, எல்லையில ஒரு ஈ காக்கா இல்ல" என்று மாஸ்டர் அண்ணியின் காதில் முணுமுணுத்தார்.

"எனக்குக் கேக்குது மாஸ்டர்" என்றது போன். "பலகையைத் தாண்டினதும் சட்டம் மாறுது, உங்களை யாரும் நிறுத்திச் சொல்லமாட்டாங்க. அதனாலதான் நிறைய பேரு தெரியாமலே மாட்டிக்கிறாங்க."

"சரிம்மா. சரக்கை இன்னைக்கே எடுத்துட்டா?"

"இனிமே விக்கப்போறதுக்கு வேணும்னா பேச்சு மாறலாம். வித்தது வித்ததுதான். அதை எந்த வேன்லயும் ஏத்திக்கிட்டு வரமுடியாது. நாமளே முன்னால போய், தெரியாம விட்டுட்டோம், கட்டுறோம்னு சொன்னா அபராதத்துல சலுகை கேக்கலாம். அவங்க நோட்டீஸ் அனுப்பிட்டா அந்தப் பேச்சே கிடையாது. அப்புறம் ஒண்ணு, அவசரத்துல இன்னைக்கே யார்கிட்டயும் வரின்னு சேத்து வாங்கிடாதீங்க. முதல்ல பதியணும், அப்புறம்தான் வசூல்."

"பதியறதுக்கு என்ன வேணும்?" இதைக் கேட்டது அண்ணி.

"பெருசா ஒண்ணுமில்ல, இணையத்துலயே பண்ணிடலாம். கிளைக்குப் பொறுப்பாளர்னு ஒருத்தர் பேரும் கையெழுத்தும் வேணும். அங்கயே இருக்குறவங்கன்னா நல்லது. உங்க நாத்தனார் இருக்காங்களே..."

மாஸ்டர் கையை நீட்டிப் போனை அணைத்துவிட்டார்.

 அண்ணி திரும்பிப் பார்த்தாள். மாஸ்டரின் முகம் தொங்கிப் போயிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: வரி அளவைப் படித்த மனுஷன் இந்தக் கையெழுத்து விஷயத்தையும் ராத்திரியே படித்திருக்கிறார். காலையில் பெருக்கினது, திருப்புளி, பொய் எல்லாமே இதற்காகத்தான்.

"அவ கையெழுத்துன்னதும் பயந்துட்டீங்களா?"

"முடியாது" என்றார் மாஸ்டர். "வேற எது வேணும்னாலும் பண்ணு. அது முடியாது."

வாலுவின் புருஷன் கடன் வாங்கினபோது, ஜாமீனுக்கு இவளிடம் கையெழுத்து வாங்கினான். என்ன ஏது என்று சொல்லவில்லை, இந்த இடத்தில் போடு என்றான், போட்டாள். அவன் கம்பி நீட்டிவிட்டான். கோர்ட்டு வராந்தாவில் நின்றது இவள்தான். பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்கில் டீயோடு நின்றவர் மாஸ்டர். எல்லாம் முடிந்து படியிறங்கும்போது தங்கையின் தலையில் கைவைத்து, "இனிமே எந்தக் காகிதத்துலயும் உன் கையெழுத்து விழாது. அண்ணன் பாத்துக்குறேன்" என்று சொன்னார். மாஸ்டர் வாக்குக் கொடுப்பது அபூர்வம். கொடுத்தால் பிடித்த பிடியை விடமாட்டார்.

அண்ணிக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. ஆனாலும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அன்னைக்கு அவகிட்ட ஒண்ணும் சொல்லாம கையெழுத்தை வாங்கினாங்க. இன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லாம அவ வேலையை வாங்கப் போறீங்க. அவளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள்.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாலுவின் ஷெட்டிலிருந்து டேப் கிழிக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. உள்ளே இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி, நடுவில் பேக்கிங் மேஜை, ஒரு மூலையில் சாம்பிள் மெத்தை. அந்த மெத்தையில் சோம்பேறி என்கிற நாய் நீட்டிப் படுத்திருந்தான். புது மாடல் எது வந்தாலும் முதலில் படுத்துப் பார்ப்பது அவன்தான். அவன் எழுந்து போய்விட்டால் ஸ்பாஞ்சு சரியில்லை என்று அர்த்தம். வேன் சத்தத்துக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"அடடே! தலைமை அலுவலகமே நேர்ல வந்திருக்கு! சொல்லியிருந்தா மாலை வாங்கி வெச்சிருப்பேனே!" வாலு டேப் உருளையோடு ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"இவனுக்குக் கால்ல என்னடி கட்டு?" என்றாள் அண்ணி. நாயின் முன்னங்காலில் வெள்ளைத்துணி அழகாகச் சுற்றியிருந்தது.

"முள்ளு குத்திடுச்சு அண்ணி. டாக்டர் எடுத்துட்டாரு." வாலு சட்டென்று திரும்பி அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போனாள்.

மாஸ்டர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கண் அலமாரியில் மேய்ந்துகொண்டிருந்தது. சின்ன சைஸ் இருக்கிறது, நடு சைஸ் இருக்கிறது. பெரிய சைஸ் வரிசை மட்டும் காலியாகக் கிடந்தது.

"பெரிய சைஸ் எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"இருக்குன்னா இருக்கு. நீ முதல்ல சொல்லுண்ணா, எப்பவும் வேன் நிறைய ஏத்திக்கிட்டு வருவே. இன்னைக்கு ஏன் காலியா வந்திருக்கே? பையில திருப்புளி வேற."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "அங்க ஆர்டர் தலைக்கு மேல இருக்கு. அதான், இங்க இருக்குறதை எடுத்துக்கிட்டு..."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

"போர்டையுமா? போர்டுக்கும் ஆர்டர் வந்திருக்கா?"

மாஸ்டருக்குப் பொய் வராது, அவசரத்துக்கு வருகிற பொய்யும் நொண்டும். வாய் தடுமாறி, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். "பெரிய சைஸ் ஒண்ணுகூட இல்லையே. எப்படிப் போச்சுன்னு நான் கேக்கவேண்டாமா?"

வாலுவின் கையிலிருந்து டேப் உருளை கீழே விழுந்து மேஜைக்கடியில் ஓடியது.

"ஓஹோ" என்றாள். "அப்படியா சங்கதி. என்மேல சந்தேகம். அதான் சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொன்னே? எடுத்துட்டுப் போ! எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ!"

அலமாரியிலிருந்து ஒரு மெத்தையை உருவி வேனுக்குள் வீசினாள். அடுத்தது பறந்தது. அதற்கடுத்தது பறந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ. மாஸ்டர் கையைப் பிசைந்தபடி நின்றார். நின்றவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, போர்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கத்து ஸ்க்ரூ வந்துவிட்டது. போர்டு சாய்ந்து தொங்கியது.

"இறங்குங்க" என்றாள் அண்ணி.

குரல் இறங்கியிருந்தது. மாஸ்டரும் இறங்கினார்.

"வாலு, நீயும் நிறுத்து. உன் அண்ணன் சொன்னது பொய். ஆர்டரும் இல்ல, சந்தேகமும் இல்ல. இங்க வந்து உக்காரு, நான் சொல்றேன்."

வாலு உட்காரவில்லை, ஒரு மெத்தையை மார்போடு அணைத்தபடி நின்றே கேட்டாள். அண்ணி ஒன்றையும் மறைக்கவில்லை. ஷெட்டில் சரக்கு இருப்பதால் இந்த மாநிலத்தில் முதல் நாளிலிருந்தே பதிந்திருக்க வேண்டியது, இங்குள்ளவர்கள் வலைத்தளத்தில் வாங்கினபோதெல்லாம் வரி சேர்த்து வாங்கிக் கட்டியிருக்க வேண்டியது, இப்போது அதைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். வாடிக்கையாளரிடம் போய், போன வருஷம் வாங்கின மெத்தைக்கு வரி கொடு என்று இப்போது கேட்க முடியுமா?

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"இப்ப எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டா, பழசு கழிஞ்சிடுமா அண்ணி?"

"கழியாது."

"பதியாம கழியாதா?"

"கழியாது. எப்படியும் பதிஞ்சு கட்டியாகணும்."

"அப்போ எதுக்கு அள்ளணும்?"

 அண்ணி மாஸ்டரைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்ற பார்வை அது.

"பொறுப்பாளர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம்" என்றார் மாஸ்டர். "இங்க இருக்குறவங்க போடணுமாம். நான் உனக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். மறுபடியும் உன்னை எந்த வராந்தாவுலயும் நிக்கவிடமாட்டேன். அதுக்கு இந்தக் கிளையே வேண்டாம்."

வாலு அணைத்திருந்த மெத்தையை மேஜைமேல் வைத்தாள். பேசினபோது அவள் குரலும் இறங்கியிருந்தது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது என்கிறார்கள், பிறகு எப்படி என்றுதான் தெரியவில்லை.

"அன்னைக்கு என்னைப் படிக்கவிடல அண்ணா. விரலை வெச்சுக் காட்டின இடத்துல போட்டேன். அது என் கையெழுத்தே இல்ல. காலையில இந்த ஷெட்டைத் திறக்குறது யாரு? மழை பெய்ஞ்சா ராத்திரி எந்திரிச்சு வந்து தார்ப்பாய் போடுறது யாரு? கிழிஞ்ச ஜிப்புக்கு வாடிக்கையாளர்கிட்ட திட்டு வாங்குறது யாரு? இத்தனைக்கும் நான் வேணும், கையெழுத்துக்கு மட்டும் நான் வேண்டாமா? அப்போ இந்தப் போர்டு எதுக்கு? சின்னப்புள்ளையை ஏமாத்த மாட்டினதா?"

மாஸ்டர் தலையைத் தூக்கி அந்தக் கோணல் போர்டைப் பார்த்தார். அவர் போட்ட எழுத்து. 'ளை'யில் பெயின்ட் வழிந்திருப்பது இப்போதும் தெரிந்தது.

"ஆமா" என்றார். "நீ அழுததைப் பாக்கமுடியல. உன்னைச் சமாதானப்படுத்தத்தான் மாட்டினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீதான் அதை நிஜக் கிளையா ஆக்கிட்டே. நான் கவனிக்கவே இல்ல வாலு."

 வாலு வந்து அவர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஏறு. மாட்டு."

மாஸ்டர் ஏறி மாட்டினார். தோள்பட்டை வலியில் முகம் சுளித்தது. வெட்டி வெட்டி வந்த வலி அது. இந்த வருஷம் ஒரு கட்டிங் மெஷின் வாங்குவதாக இருந்தார்கள், அந்தப் பணம்தான் இனி வரிக்குப் போகும்.

"மெஷின் என்னங்க பண்றது?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"கத்தரி இருக்கு, கை இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் கையாலேயே வெட்டுறேன். முதல்ல இதை முடி."

"அண்ணா, வலப்பக்கம் இறங்கியிருக்கு. கொஞ்சம் தூக்கு" என்றாள் வாலு கீழே நின்று.

அண்ணி போனை எடுத்து, ஸ்பீக்கரில் வைத்து மேஜைமேல் நிறுத்தினாள். ஆடிட்டர் அம்மா காத்துக்கொண்டிருந்தவர்போல் உடனே எடுத்தார்.

"முடிவு பண்ணிட்டோம்மா. கிளை இருக்கும். நாங்களே முன்னால போய்ச் சொல்றோம், பதியறோம், பழசைக் கட்டுறோம்."

"நல்ல முடிவு. பதிஞ்சுட்டா அப்புறம் ஒண்ணும் விக்காத காலத்துக்கும் 'ஒண்ணும் விக்கல'ன்னு கணக்கு அனுப்பணும், அதை மறக்கக்கூடாது. பொறுப்பாளர் யாரு?"

"நான்தான்" என்றாள் வாலு. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "ஆனா எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்துவரைக்கும் படிச்சுட்டுத்தான் போடுவேன்."

"அப்படித்தான்ம்மா போடணும்" என்றார் ஆடிட்டர் அம்மா. "சரி, கடைசியா ஒண்ணு. இதை மொத்தமா சுத்தம் பண்ணிடலாம். இந்த ரெண்டு இடத்தைத் தவிர வேற எங்கயாவது உங்க சரக்கு இருக்கா? வேற மாநிலத்துல?"

"இல்லைங்க" என்றாள் அண்ணி பட்டென்று.

"அண்ணி" என்றாள் வாலு. "ஒரு நிமிஷம்."

அண்ணி திரும்பினாள். வாலு காலி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய சைஸ் எங்கன்னு அண்ணன் கேட்டாரில்ல... அது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. டாக்டர் கிளினிக்ல, பின் ரூம்ல. ஆபரேஷன் பண்ணின நாய்ங்களைத் தூக்கிட்டுப் போறவங்களுக்குப் படுக்க வைக்க ஒண்ணு வேணுமில்ல? வலைத்தளத்துல ஆர்டர் போடுறாங்க, அங்கயே வாங்கிட்டுப் போறாங்க. நல்லா வித்துட்டு வந்து உங்ககிட்ட ஒருநாள் பெருமையாச் சொல்லலாம்னு இருந்தேன். நானே சின்னதா ஒரு போர்டுகூட எழுதிக் கொடுத்திருக்கேன்."

"என்னன்னு?"

"துணைக் கிளைன்னு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்னா அது மூணாவது மாநிலம்டி!"

 போனில், மேஜைமேல் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியாகத்தான் இருக்கும்.

மாஸ்டர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தார். வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டாக்டர்னா, எந்த டாக்டர்?"

"நாய்க்குப் பாக்குற டாக்டர்."

"அது தெரியுது. அவரு எதுக்கு உனக்குப் பின் ரூமைக் கொடுக்குறாரு?"

வாலுவின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அண்ணிக்கு நாயின் காலில் இருந்த அந்த அழகான கட்டு நினைவுக்கு வந்தது. கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

ஆனால் வாலு தலை குனியவில்லை. மேஜைக்கடியிலிருந்து டேப் உருளையை எடுத்து, அதனிடத்தில் வைத்தாள். ஷெட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"அங்கயும் நான்தான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை யாரும் என்கிட்டேருந்து வாங்கல அண்ணா, நானா போடுறேன். மத்ததை நீ அவர்கிட்டயே நேர்ல கேளு. ஏறு வண்டியில."

அண்ணி ஒன்றும் சொல்லாமல் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். "வழி சொல்லு" என்றாள்.

யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டாசு வெடித்தாலும் எழுந்திருக்காத சோம்பேறி எழுந்து, கட்டுப்போட்ட காலை நொண்டிக்கொண்டே வந்து, எல்லாருக்கும் முன்னால் வேனில் ஏறி, ஆற்றுப்பக்கத்து ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.